வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுப் பண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத் தோட்டங்களில் வெள்ளம் வடிந்ததும் ஒட்டுக்கடையிலும் கோயில் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் பண்டை, அதாவது ஆற்றோர மண் கரையைப் பற்றி ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையும், பிறகு மண்வேலைக் குத்தகையாளரிடம் மேற்பார்வையும் பார்த்தவன் என்பதால் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் பெர்ணம், பேராக் ஆறுகளின் கீழ்ப்பகுதி மாதிரி, கடலேற்றம் எட்டிப் பார்க்கும் இடங்களில் உள்ள மண் கரைகளுக்குத்தான் பொருந்தும். மலைப்பக்க ஆறுகளின் கதை வேறு.

பண்டுன்னா என்ன, ஆத்தங்கரைன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

ஆற்றங்கரை ஆறே போட்டது. பண்டு என்பது மனிதன் எழுப்பியது. நம் பக்கத்துப் பண்டுகளில் பல, சதுப்பு நிலத்தில் பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், வெட்டும்போது வந்த மண்ணை ஓரத்தில் குவித்து எழுப்பியவை. பழைய பண்டை வெட்டிப் பார்த்தால் ஒரு சாண் களிமண், ஒரு சாண் கரிமண் (மட்கிய இலையும் மரமும் சேர்ந்த சதுப்பு மண்), நடுவில் மட்கிய மரத்துண்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

நீரை வடித்து விவசாயம் செய்த சதுப்பு நிலம் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். அதனால் பண்டுக்கு உள்ளே இருக்கும் தரை பல இடங்களில் கடலேற்ற மட்டத்தைவிடத் தாழ்வு. சிலாங்கூர் கடலோரத்தில் உள்ள கேரித் தீவுக்குப் போனவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஆகவே வெள்ளம் வரும் அன்று மட்டுமல்ல, தினமும் இரண்டு வேளை பண்டு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

தண்ணி மேல வழிஞ்சாத்தானே பண்டு உடையும்? எங்க பக்கம் வழியவே இல்ல, ஆனா உடைஞ்சிருச்சே?

வழிந்து உடைவது ஒரு வழிதான். மேலே வழியும் தண்ணீர் உள்பக்கச் சரிவில் இறங்கி, அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி மண்ணைக் கரைத்துக்கொண்டே வரும். பார்ப்பவர்களுக்கு ஆற்றுப்பக்கம் உடைந்த மாதிரி தெரியும். அரிப்பு தொடங்கியது வீட்டுப்பக்கம்.

வழியாமலே உடைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. கரைக்குள்ளேயோ அடியிலேயோ தண்ணீர் சின்ன வழி கண்டுபிடித்து, மண் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியேறும். வழி குழாய் மாதிரி பெரிதாகிக்கொண்டே போய், ஒரு நாள் மேல்மண் உட்கார்ந்துவிடும். மட்கிய வேர், எலி வளை, கேட்காமல் புதைத்த பிவிசி குழாய், நீர்க்கதவின் கான்கிரீட்டும் மண்ணும் சேரும் இடம் எல்லாம் தண்ணீருக்கு வழி. இன்னொன்று, அடிமண் இளகி மொத்தக் கரையும் வழுக்குவது. 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்சில் 17ஆம் தெருக் கால்வாயின் சுவர், தண்ணீர் அதன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே நகர்ந்து விழுந்தது. அடியில் இருந்த இளகிய மண் தாங்கவில்லை.

மூன்றாவது, ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில் நீரோட்டம் கரையின் காலை அரிப்பது. மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே கால் இருக்காது. பண்டின் உயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உடைந்த கரைகளில் பல உயரத்தில் தோற்கவில்லை, உள்ளே தோற்றன. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

வெள்ளம் வடிஞ்சாச்சு. பண்டுல முதல்ல எதைப் பார்க்கணும்?

வடிந்த உடனே ஆபத்து போய்விட்டது என்று நினைப்பதுதான் தப்பு. பல நாள் ஊறிய கரையைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு மளமளவென்று இறங்கும்போது அந்தத் தாங்கல் போய்விடும். உள்ளே ஊறிய நீர் இன்னும் போயிருக்காது. கனத்த ஈர மண் ஆற்றுப்பக்கமாகச் சரியும். ஆகவே வடிந்த முதல் சில நாட்கள், முக்கியமாகக் கடல் வற்றும் நேரத்தில், நடந்து பார்க்க வேண்டும்.

மேல்பகுதியில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு மோசமான செய்தி. பல நேரம் சரிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெடிப்பின் இரு பக்கமும் ஒரு குச்சி நட்டு, இடைவெளியை அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மறுநாள் இடைவெளி கூடியிருந்தால் யாரும் அதன்மேல் வண்டி ஓட்டக் கூடாது. அப்புறம் உள்பக்க அடிவாரம்: மற்ற இடமெல்லாம் காய்ந்து ஒரு திட்டு மட்டும் சொதசொதவென்று இருக்கிறதா, மணல் கூம்பு கூம்பாகக் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர்க்கதவைச் சுற்றியும் குழாய் போகும் இடத்திலும் குனிந்து பார்க்க வேண்டும். மோட்டாரில் போய்க்கொண்டே பார்த்தால் இதில் பாதி தெரியாது.

உள்பக்கம் தண்ணி மணலோட கொப்புளிக்குது. மூட்டையைப் போட்டு அடைச்சிடலாமா?

அடைக்கக் கூடாது. இங்கே அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் வேறு இடத்தில் வழி தேடும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடமாகவும் இருக்கலாம். கொப்புளத்தைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மணல்மூட்டையை வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏறும்போது அதன் எடையே கீழிருந்து வரும் வேகத்தைக் குறைக்கும்.

வட்டத்தை எவ்வளவு உயர்த்துவது? வெளியேறும் தண்ணீர் தெளிவாகும் வரை. தெளிந்த நீர் ஓரளவு வழிந்துகொண்டிருக்கட்டும். கலங்கலாக, மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தால் கரைக்குள் குழி பெரிதாகிறது என்று பொருள். அப்போது 999-ஐ அழைத்துவிட்டு, பண்டை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களை எழுப்புங்கள்.

மணல்மூட்டை அடுக்க ஏதாவது முறை இருக்கா?

இருக்கிறது. மூட்டையைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால் போதும். முட்ட நிரப்பினால் உருண்டை ஆகி இடையில் சந்து விழும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் வரிசை மாதிரி மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரியையும் காலால் மிதிக்க வேண்டும். அடி அகலம், உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்கட்டும். ஒற்றை வரிசைச் சுவர் நிற்காது. முன்பக்கம் தார்ப்பாய் விரித்தால் கசிவு குறையும்.

உடைஞ்ச இடத்துல பத்து லாரி மண்ணைக் கொட்டினா முடிஞ்சது. அதுக்கு ஏன் ரெண்டு மாசம் இழுக்கிறாங்க?

பத்து லாரி மண் உடைப்பை மூடும். மூடியது கரை ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் போன வெள்ளத்தில் உடைந்த அதே இடம் இந்த வெள்ளத்திலும் உடைகிறது.

முதல் வேலை ஓட்டத்தை நிறுத்துவது. நம் பக்கம் உடைப்பின் வழியே கடலேற்றத் தண்ணீர் தினம் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வரும். ஒவ்வொரு முறையும் வாயை இன்னும் அகலமாக்கும். அதனால் அடைக்கும் நாளைக் கடலைப் பார்த்து முடிவு செய்வார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது. அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்ற இறக்கம் சிறிது. நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி ஆகாது என்பார்கள். உடைப்பை அடைக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டையோ இரும்புத் தகடோ அடித்து, பெரிய மூட்டைகளை இறக்கித் தற்காலிகத் தடுப்பு போடுவார்கள்.

இரண்டாவது, சுத்தம் செய்வது. உடைப்பு வழியே பாய்ந்த தண்ணீர் உட்பக்கம் ஆழமான மடுவைப் பறித்திருக்கும். அடியில் கூழ்ச்சேறு நிற்கும். அதன்மேல் நல்ல மண் போட்டால் சேறு பக்கவாட்டில் பிதுங்கும், மண் இறங்கிக்கொண்டே போகும். சேற்றை அள்ள வேண்டும். மடு ரொம்ப ஆழம் என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, சுற்றி வளைத்துப் புதுக் கரை போடுவதே மலிவாகவும் முடியும். ஆற்றங்கரையில் ஒரு குளமும் அதைச் சுற்றி வளைந்த பண்டும் இருந்தால், அது பழைய உடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: பழைய மண்ணும் புது மண்ணும் சேரும் இடம். உடைந்த வாயின் இரு ஓரத்தையும் நல்ல மண் தெரியும்வரை வெட்டி, படிக்கட்டு மாதிரி படி படியாக அமைக்க வேண்டும். புல், வேர், மேல்மண் எல்லாம் எடுக்க வேண்டும். அடியில் நடுவாக ஒரு பள்ளம் வெட்டிக் களிமண்ணால் நிரப்ப வேண்டும். பிறகு 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்தில் மண்ணைப் பரப்பி, உருட்டி, மேலே கீறிவிட்டு, அடுத்த அடுக்கு. கீறாமல் போட்டால் வழுவழுப்பான அடுக்குக்கு மேல் அடுத்தது ஒட்டாது. நடுவில் தண்ணீர் நுழைய வழி கிடைக்கும். மழை பெய்தால் வேலை நிற்கும், ஈரம் காய வேண்டும். இரண்டு மாதம் இப்படித்தான் போகிறது. நியாயமில்லாத தாமதமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்துல கிடக்கிற மண்ணையே அள்ளிப் போடலாமே? செம்மண் வாங்கிட்டு வரணுமா?

பக்கத்து மண்ணில் இரண்டு சிக்கல். கரிமண் காய்ந்தால் சுருங்கும், எடை குறையும், வருடா வருடம் கரைந்துபோகும். பண்டுக்கு உதவாது. இன்னொன்று கடற்கரைச் சாம்பல் களிமண். சில இடங்களில் அதில் கந்தகம் கலந்த கனிமம் உண்டு; தோண்டிக் காற்றுப் பட்டால் புளிப்பு ஏறும். பாரிட் தண்ணீர் துருநிறமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் புல் பிடிக்காது, பக்கத்து வடிகாலில் மீன் மிதக்கும்.

கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு உடையாமல் திரி வந்தால் களித்தன்மை போதும். திரியே வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் அப்பிக்கொள்ளக் கூடாது. அந்த ஈரம்தான் உருட்டுவதற்குத் தோதான ஈரம். செம்மண்ணிலும் சரளை அதிகமான லாரி வரும். அது மேலே பாதைக்கு நல்லது, கரையின் நடுவுக்கு அல்ல. எங்கிருந்து தோண்டினாலும் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். உள்பக்கம் பள்ளம் வெட்டினால் அடியில் வரும் தண்ணீருக்கு நீங்களே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

பண்டை இன்னும் ரெண்டடி உசத்திட்டா பிரச்சினை தீர்ந்ததுல்ல?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் என்று இரு பக்கமும் சரிவு வைத்த கரையை, மேல் அகலம் குறையாமல் இரண்டடி உயர்த்த அடியில் எட்டடி கூட வேண்டும். இடம் இருக்கிறதா? இல்லாமல் மேலே மட்டும் குவித்தால் சரிவு செங்குத்தாகி வழுக்கும். அடியில் இருப்பதோ கடற்களிமண். கூடுதல் எடை ஏறினால் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பொறியாளர்கள் அமுங்கப்போகும் அளவையும் சேர்த்து உயரம் வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், எதிர்க்கரை. பெர்ணம் ஆறு பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லை. இங்கே நாம் உயர்த்தினால் தண்ணீர் அங்கே போகும். அங்கே உயர்த்தினால் இங்கே வரும். ஆளாளுக்கு உயர்த்துவதற்கு முடிவே இல்லை. முழு நீளத்துக்கும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லாரி ஏறி இறங்கி அமுங்கிய ஒரு பள்ளம் போதும், மொத்தத் தண்ணீரும் அங்கேதான் வழியும். அந்தப் பள்ளத்தைச் சரியாக நிரப்புவது முழுக் கரையையும் உயர்த்துவதைவிட முக்கியம்.

கருங்கல்லு கொட்டுங்க, இல்லன்னா சிமெண்ட் பூசிடுங்க. அரிக்காதுல்ல?

ஆற்று வளைவில் கரையின் காலை அரிக்கும் இடத்துக்குக் கல் சரிதான். ஆனால் மண்மேல் நேரே கல்லைக் கொட்டினால் கல்லுக்கு இடையில் புகுந்து வெளியேறும் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகும். சில வருடத்தில் கல் உள்ளே இறங்கிவிடும். நடுவில் வடிகட்டி வேண்டும்: நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அல்லது சரளை அடுக்கு. கல் ஆற்றின் அடிமட்டம் வரை இறங்க வேண்டும். மேலே மட்டும் கல் அழகாகத் தெரியும், வேலை செய்யாது.

மண் கரைமேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மண் அமுங்கும், சிமெண்ட் அமுங்காது. இடையில் வெற்றிடம் விழுந்தால் வெளியே தெரியாது. கம்பிக்கூண்டில் கல் அடைத்துப் போடும் கேபியன் பரவாயில்லை, அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எதைப் போட்டாலும் அது முடியும் இடத்தில் நீர் சுழன்று புது அரிப்பு தொடங்கும். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு கல்லைப் பார்க்காமல் கல் முடிகிற இடத்தைப் பாருங்கள்.

பண்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா நீர்க்கதவு வழியா தண்ணி உள்ள வந்துருச்சு. அது எப்படி?

நம் நீர்க்கதவுகள் பல, தண்ணீர் அழுத்தத்திலேயே மூடித் திறப்பவை. உள்ளே மட்டம் கூடினால் திறந்து வடியும், வெளியே ஆறோ கடலோ ஏறினால் மூடிக்கொள்ளும். ஒரு செம்பனை மட்டை இடுக்கில் சிக்கினால் போதும், மூடாது. மழைக்காலத்துக்கு முன்பு குப்பை எடுத்து, கீலுக்குக் கிரீஸ் போட்டு, ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட வேண்டும். கதவைச் சரிசெய்யும்போது அதைச் சுற்றிய மண்ணையும் பாருங்கள். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

பண்டு மேல இருக்கிற மரத்தை வெட்டச் சொல்றாங்க. அது முனியாண்டி மரம்ண்ணே. வேர் மண்ணைப் பிடிக்கத்தானே செய்யும்?

வேர் மண்ணைப் பிடிக்கும், உயிரோடு இருக்கிற வரைக்கும், காற்று அடிக்காத வரைக்கும். பெரிய மரம் புயலில் சாய்ந்தால் வேரோடு கரையில் ஒரு குழி கிளம்பும். பட்டுப்போனால் வேர் மட்கி, இருந்த இடமெல்லாம் குழாய் ஆகும். நிழலில் புல்லும் வளராது. புல்தான் கரையின் தோல். வாழை, மரவள்ளிக்கும் இதே பதில். மரவள்ளியைப் பிடுங்கும்போது கரையைக் கிண்டுகிறோம்.

வெறுமனே வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போவது இன்னும் மோசம். அடிக்கட்டையையும் தடித்த வேரையும் தோண்டி எடுத்து, முன்பு சொன்ன மாதிரி அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். வறண்ட மாதத்தில், கடலேற்றம் குறைந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை.

கோயில் விஷயம் வெறும் மண் விஷயம் அல்ல. அதிகாரி வந்து சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போவதும், மறுநாள் ஊர் கூடிச் சண்டைக்கு நிற்பதும் யாருக்கும் உதவாது. பாலாலயம் செய்து சாமியை வேறு இடத்துக்கு எழுந்தருளச் செய்து திருப்பணி நடத்துவது நமக்குப் பழக்கம்தானே. உள்பக்க அடிவாரத்திலிருந்து தள்ளி மேடான இடம் ஒன்றைத் தோட்ட நிர்வாகத்திடமோ மாவட்ட நில அலுவலகத்திடமோ எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்பிறகு மரத்தில் கை வைக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நகர்த்திவிட்டு இடமில்லாமல் நிற்கும் கோயில்கள் இருக்கின்றன.

மாடு மேயலாமா?

காய்ந்த நாளில், நாலைந்து மாடு, நகர்ந்துகொண்டே மேய்ந்தால் புல் குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்கும். வெடிப்பும் வளையும் கண்ணுக்குத் தெரியும். மழை நாளில் கூடாது. ஒரே தடத்தில் தினமும் ஏறி இறங்கும் மாடு கரையில் படிக்கட்டு வெட்டிவிடும். பண்டு மேலே முளை அடித்துக் கட்டுவது, கொட்டகை போடுவது இரண்டும் வேண்டாம்.

லாலான் புல் ஆளுயரம் வளர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. வேரோடு சாகும் மருந்து அடித்து மண்ணை மொட்டையாக்காதீர்கள். வெட்டுங்கள்.

எலி வளை ரெண்டு மூணு இருந்தா என்ன பெரிசா ஆயிடும்?

இந்தப் பக்கம் ஒரு வளை, அந்தப் பக்கம் ஒரு வளை, நடுவில் ஒரு முழம் மண்தான் மிச்சம் என்றால் பெரிதாக ஆகும். எலி மட்டுமல்ல, உடும்பும் தோண்டும். கடலோரப் பண்டில் சேற்று இறால் மண்ணைத் தள்ளி மேடு மேடாகக் குவித்திருக்கும். அந்த மேட்டுக்குக் கீழே சுரங்கம். வாயை மட்டும் மண் வைத்து அடைப்பது கண்துடைப்பு. வளை போகும் தூரம்வரை தோண்டி இறுக்கி நிரப்ப வேண்டும். தோண்ட முடியாத ஆழம் என்றால் களிமண்ணும் சிமெண்டும் கலந்த கூழை ஊற்றுவார்கள்.

மழையே இல்ல, வெயில் கொளுத்துது. அப்பவும் பண்டு வெடிக்குதே?

களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், கரிமண் எடையே இழக்கும். 2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸ் ஊரில் கோடை வறட்சியில் காய்ந்து இலேசான கரிமண் கரை ஒன்று, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து கால்வாய்த் தண்ணீரை ஊருக்குள் விட்டது. மழையே இல்லாமல் வெள்ளம். கரிமண் கலந்த பழைய பண்டு உள்ள நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நீண்ட வெயிலில் விழுந்த வெடிப்பை மழைக்கு முன்பு சரிசெய்ய வேண்டும். மேற்குக் கரையில் மழை கூடும் மாதங்கள் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும். மேலே மண் தூவினால் போதாது. வெடிப்பை ஒட்டிக் கொத்தி, ஈரப்படுத்தி, இடித்து நிரப்புங்கள்.

உள்ள நிக்கிற தண்ணி வடியவே இல்ல. பண்டை ஒரு வெட்டு வெட்டிவிட்டா போயிடாதா?

கடல் வற்றும் ஆறு மணி நேரம் போகும். அடுத்த ஆறு மணி நேரத்தில் ஆற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். வெட்டிய வாய் எவ்வளவு பெரிதாகும் என்பது மண்வெட்டி பிடித்தவர் கையில் இல்லை.

கோபம் புரிகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் தாழ்வான குடியிருப்புக்குள் புகுந்த வெள்ளம் நாட்கணக்கில் வடியாமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம். கரைக்கு உள்ளே இருக்கும் ஊருக்கு வடிகாலும் பம்பும் கரை அளவுக்கே முக்கியம். கடல் வற்றும் நேரம் பார்த்து நீர்க்கதவைத் திறப்பது, நடமாடும் பம்பு கேட்பது என்று போங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த முடிவை ஜேபிஎஸ், அதாவது நீர்ப்பாசன வடிகால் இலாகா எடுக்க வேண்டும். அனுமதியின்றி ஆற்றிலோ கரையிலோ கை வைப்பது 1920-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டப்படி குற்றம்.

சரி, இது யாரோட பொறுப்பு? தோட்டம் ஜேபிஎஸ்ஸைக் காட்டுது, ஜேபிஎஸ் தோட்டத்தைக் காட்டுது.

பொதுவாகச் சொன்னால் ஆறுகள் மாநில அரசுக்குச் சொந்தம். அரசாங்கம் கட்டிய ஆற்றுப் பண்டை ஜேபிஎஸ் பார்க்கிறது. தோட்டம் தன் எல்லைக்குள் போட்ட கரை, பாரிட், கதவு தோட்டத்தின் கணக்கு. சண்டை வருவது எல்லையில். ஜேபிஎஸ் வழிகாட்டியின்படி 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கிடம் வேண்டும். 20 முதல் 40 மீட்டர் அகலம் என்றால் 40 மீட்டர். ஆனால் அந்த ஒதுக்கிடம் அரசிதழில் பதிவானதா என்பது இடத்துக்கு இடம் மாறும். மாவட்ட நில அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். விவாதம் பாதியாகக் குறையும்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வைகைக் கரையை வீட்டுக்கு வீடு அளந்து பங்கு கொடுத்தார்கள், வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தது. அங்கே குறைந்தபட்சம் எது யார் பங்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புகார் கொடுக்கும்போது கூகுள் மேப்பில் இடத்தை நிறுத்தி, தேதி தெரியும் படத்தோடு, ஜேபிஎஸ் மாவட்ட அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். பிரதி யாருக்குப் போனது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். அப்போது ஒருவர் மற்றவரைக் காட்டுவது கொஞ்சம் கடினம்.

பண்டு மேல பழ லாரி போகுதே, அது பரவாயில்லையா?

அதற்கென்று அகலமும் சரளைப் பாதையும் போட்ட கரை என்றால், காய்ந்த நாளில், பரவாயில்லை. வெள்ளம் வடிந்த முதல் சில வாரங்களும் புதிதாக அடைத்த இடமும் கூடாது. சக்கரத் தடத்தில் நிற்கும் தண்ணீர் நேராகக் கரைக்குள் இறங்கும். உயரம் பற்றிய பதிலில் சொன்ன பள்ளமும் இப்படித்தான் உருவாகிறது.

சரி பண்ணியாச்சுன்னு சொல்றாங்க. அடுத்த மழைக்கு நிம்மதியா தூங்கலாமா?

புது இடம் இன்னும் சோதனைக்கு உட்படவில்லை. புல் வேர் பிடிக்க மாதங்கள் ஆகும், மண் அமுங்கிக்கொண்டிருக்கும். முதல் பெரிய ஏற்றத்திலும் முதல் பெரிய மழையிலும் அந்த இடத்தை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். ஜேபிஎஸ்ஸின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டம் சாதாரணம், வாஸ்படா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு நிலையில் வருகிறது. உங்கள் ஊருக்கு மேலே உள்ள நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். உங்கள் ஊர் மட்டம் ஏறும் நேரத்தில் பார்த்துப் பயனில்லை. அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளும் ஆற்றின் மேல்பகுதியில் பெய்யும் மழையும் சேர்ந்தால் வாஸ்படாவிலேயே பையைக் கட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

குத்தகையாளர் சரியா செஞ்சாரா, மேல புல்லைப் போட்டு மூடிட்டாரான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

புல் போட்ட பிறகு தெரியாது. வேலை நடக்கும்போதே பாருங்கள். ஒரே நாளில் ஆளுயரம் மண் ஏறினால் அடுக்கு போடவில்லை என்று அர்த்தம். எக்ஸ்கவேட்டர் வாளியால் தட்டுவது இறுக்குவது ஆகாது. செயின் வண்டி ஏறி ஓடுவதும் போதாது. அகலமான செயின் எடையைப் பரப்பிவிடும். முளைகள் துருத்திக்கொண்டிருக்கும் உருளை, ஷீப்ஃபூட் ரோலர் என்பார்கள், களத்தில் நின்றால் நல்ல அறிகுறி. வெயில் நாளில் தண்ணீர் லாரி வருகிறதா என்று பாருங்கள். பழைய கரையின் ஓரம் படியாக வெட்டப்பட்டதா, சரிவாக விட்டு அதன்மேலேயே மண் கொட்டினார்களா என்பதை முதல் நாளே படம் எடுங்கள். பிறகு அதைப் பார்க்கவே முடியாது.

அடர்த்திச் சோதனை நடந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்த மண்ணுக்குக் கிடைத்த உச்ச அடர்த்தியில் 90 அல்லது 95 விழுக்காடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். சோதனைத் தாளைக் கிராமத் தலைவர் வழியாகக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பல மேற்பார்வையாளர்கள் காட்டுவார்கள். முடிந்த வேலைக்குக் குறைதீர்க்கும் காலம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். புது மண்ணுக்கும் பழைய மண்ணுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி வெடிப்போ, உள்பக்கம் ஈரத் திட்டோ தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன்பே படத்தோடு கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.